முதலில் எந்தக் கோபுரம்?

தொலைத்தொடர்பு பற்றி நமது பத்திரிகைகளில் வெளிவரும் செய்திகளை ஓராண்டுக்குச் சேர்த்து வைத்துப் படிப்பவர் ஒரு விடயத்தைக் கவனிக்கக்கூடும். அவற்றுள் பெரும்பாலானவை வேகத்தைப் பற்றியவை. மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை என்ற வரிசையிலேயே அச்செய்திகள் நகர்கின்றன. எந்த ஊருக்கு முதலில், எந்த ஊருக்குப் பின்னர், எந்த ஊருக்கு இல்லவே இல்லை என்ற கேள்வி எப்போதாவது ஒரு வாசகர் கடிதத்தில் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆனால், கையிலுள்ள பணம் மட்டுப்பட்டதாக இருக்கும்போது அந்தக் கேள்வியே முதன்மையானதாகும்.

இலங்கை இத்துறையில் பின்தங்கிய நாடு அன்று. தெற்காசியாவின் முதலாவது கைத்தொலைபேசி வலையமைப்பு 1989 இல் இங்குதான் இயங்கத் தொடங்கியது. 2006 இல் மூன்றாம் தலைமுறைச் சேவை வந்தது. 2013 இல் நான்காம் தலைமுறை வந்தது. இவற்றைப் பெருமையோடு சொல்லிக்கொள்வதில் தவறில்லை. ஆயினும், ஒவ்வொரு தலைமுறையும் தலைநகரில் பிறந்து, மாவட்டத் தலைநகரங்களுக்கு நடந்து, பிரதான வீதியோரமாகத் தவழ்ந்து, மலையடிவாரத்திலோ கடற்கரையிலோ களைத்துப்போய் நின்றுவிடுவதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. மூன்றாம் தலைமுறைச் சேவை அறிமுகமான அதே 2006 ஆம் ஆண்டில்தான் ஏ-9 பாதை மூடப்பட்டு யாழ்ப்பாணக் குடாநாடு தரைவழித் தொடர்பை இழந்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். ஒரே நாட்டுக்குள் இரண்டு காலங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன.

இந்த இடைவெளியை நாடு முழுவதும் கண்ணாற் கண்டது 2020 இல். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைத்தொலைபேசிக்குள் நுழைந்தபோது, சமிக்ஞை தேடி மலையுச்சிகளிலும் மரக்கிளைகளிலும் பிள்ளைகள் ஏறியிருந்த படங்கள் வெளிவந்தன. அதன் பின்னரே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 'கமட்ட சன்னிவேதனய', அதாவது 'கிராமத்திற்குத் தொடர்பாடல்' என்ற திட்டத்தை முன்னெடுத்தது. இரத்தினபுரி மாவட்டத்தில் அது தொடங்கியது. தொலைத்தொடர்பு அபிவிருத்தி நிதியத்தின் பணத்தைக் கொண்டு, நிறுவனங்கள் தாமாகச் செல்ல விரும்பாத இடங்களில் கோபுரங்களை அமைப்பதே அதன் நோக்கம். நோக்கம் நல்லது. ஆனால், அந்த நிதியம் யாருடைய பணம் என்பதை நம்மிற் பலர் அறிந்திருப்பதில்லை.

2004 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் சர்வதேசத் தொலைபேசி அழைப்புகள் மீது ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. அபிவிருத்தி நிதியத்திற்குப் பணம் வந்த வழி அது. அப்படியானால் அந்தப் பணத்தைத் தந்தவர்கள் யார்? குவைத்திலும் றியாத்திலும் இருந்து பிள்ளையின் குரலைக் கேட்பதற்காக வீட்டுக்கு அழைத்த பணிப்பெண்கள். கனடாவிலும் பிரான்சிலும் இருந்து தாயின் சுகம் விசாரித்த பிள்ளைகள். அவர்கள் அழைத்த வீடுகள் பெரும்பாலும் கொழும்பின் மையத்தில் இருக்கவில்லை. அவை அட்டனிலும் மூதூரிலும் மன்னாரிலும் மொனராகலையிலும் இருந்தன. ஆகவே, அந்த நிதியத்தை அரசின் கருணையாகவோ நிறுவனங்களின் கொடையாகவோ கொள்வது தவறு. தொலைவில் உள்ள வீடுகளின் பெயரால் சேர்ந்த பணம், தொலைவில் உள்ள வீடுகளுக்கே முதலிற் போய்ச்சேர வேண்டும்.

அந்த ஊற்றும் என்றென்றைக்கும் சுரக்கப் போவதில்லை. வெளிநாட்டு அழைப்புகள் வட்ஸ்அப், வைபர் போன்றவற்றுக்கு மாறிவிட்டன. இணையத்தின் ஊடாகச் செல்லும் அழைப்புக்கு அந்தத் தீர்வை இல்லை. செலவுப் பக்கத்தின் நிலையும் இலேசானதன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. கோபுரத்தின் இரும்பு முதல் அதன் உச்சியிலுள்ள வானொலிக் கருவி வரை பெரும்பகுதி இறக்குமதியாகும் நாட்டில், நேற்று பத்துக் கோபுரங்களுக்குப் போதுமாயிருந்த பணம் இன்று ஐந்தாறுக்கே போதும் என்ற நிலை உருவாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதத்தால் உயர்த்தப்பட்டன. பாவனையாளரும் தம் பங்குக்குச் சுமந்தாயிற்று.

இந்நிலையில், 'வலையமைப்பை மேம்படுத்துதல்' என்ற ஒரே சொற்றொடருக்குள் முற்றிலும் வெவ்வேறான வேலைகள் ஒளிந்திருப்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இருக்கும் கோபுரத்திற்கு நல்ல மின்கலங்களும் மின்பிறப்பாக்கியும் வழங்குவது ஒரு மேம்பாடு. அக்கோபுரத்தை மற்றைய கோபுரங்களோடு இணைக்கும் நுண்ணலைத் தொடுப்பையோ ஒளியிழையையோ பலப்படுத்துவது இன்னொன்று. பழைய கருவியைக் கழற்றிவிட்டுப் புதிய தலைமுறைக் கருவியைப் பொருத்துவது மூன்றாவது. எதுவுமே இல்லாத இடத்தில் காணி எடுத்து, பாதை வெட்டி, மின்கம்பி இழுத்துப் புதிய கோபுரம் எழுப்புவது நான்காவது. நகரத்தில் ஐந்தாம் தலைமுறைச் சேவையைத் தொடங்குவது ஐந்தாவது. திறப்பு விழாவுக்கும் நாடா வெட்டுவதற்கும் உகந்தவை இவற்றுள் கடைசி இரண்டுமே. மின்கலம் மாற்றியதற்கு எந்த அமைச்சரும் நாடா வெட்டியதில்லை. நமது முன்னுரிமைகள் பிறழ்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எனது எண்ணம்.

எனது வரிசையில் முதலிடம் அந்த மின்கலத்துக்குத்தான். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. சில மணித்தியாலங்களுக்கே தாக்குப்பிடிக்கும் மின்கலம் உள்ள கோபுரம் அத்தகைய நாளில் எப்படி இயங்கும்? மின்பிறப்பாக்கி இருந்தாலும் அதற்கு ஊற்ற டீசல் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்தபோது இதைவிடக் கொடிய பாடம் கிடைத்தது. மண்சரிவில் மலையகத்தின் பல கிராமங்கள் வெளியுலகோடு தொடர்பற்றுப் போயின. மின்சாரம் போய், ஒளியிழை அறுந்து, கோபுரம் ஊமையானது. எந்தத் தலைமுறைக் கருவி அதில் பொருத்தப்பட்டிருந்தது என்பதற்கு அந்நேரத்தில் ஒரு பொருளும் இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது நன்கு விளங்கும். அனர்த்த காலத்தில் எந்தப் பகுதியின் நிருபரிடமிருந்து அழைப்பு வரவில்லையோ, அந்தப் பகுதியைப் பற்றித்தான் நாங்கள் அஞ்சுவோம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எல்லாக் கோபுரங்களும் சமமானவை அல்ல. மலைநாட்டில் ஒரு சிகரத்தில் நிற்கும் கோபுரம் தனது சுற்றாடலுக்கு மட்டும் சேவை வழங்குவதில்லை. பள்ளத்தாக்குகளில் உள்ள பல கோபுரங்கள் அதன் வழியாகவே பிரதான வலையமைப்பை எட்டுகின்றன. தாய்க் கோபுரம் என்று அதனைச் சொல்லலாம். அது விழுந்தால் பிள்ளைகள் அனைத்தும் விழும். எனவே, மட்டுப்பட்ட பணத்தில் நூறு கோபுரங்களுக்கும் ஒவ்வொரு மின்கலம் என்று பங்கிட்டுக் கொடுப்பதைவிட, எந்தெந்தக் கோபுரங்களில் அதிகமான மற்றைய கோபுரங்கள் தங்கியுள்ளன என்று கணக்கெடுத்து, அவற்றுக்கு நீண்ட நேர மின்வசதியையும் இரண்டாவது தொடுப்பு வழியையும் முதலிற் கொடுப்பதே விவேகம். கோயில் பிரசாதம்போல எல்லோருக்கும் சமமாகக் கிள்ளிக் கொடுப்பது இவ்விடயத்தில் நீதியாகாது.

இரண்டாவது இடம், சமிக்ஞையே இல்லாத இடங்களுக்கு உரியது. இங்குதான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நகரத்தில் ஒரு கோபுரத்தை மேம்படுத்தினால் பத்தாயிரம் பேர் பயனடைவர். தோட்டமொன்றில் புதிய கோபுரம் அமைத்தால் அறுநூறு பேர் பயனடைவர். தலைக்கு என்ன செலவு என்று வகுத்துப் பார்த்தால் நகரமே வெல்லும். ஒவ்வொரு முறையும் வெல்லும். அந்தக் கணக்குப்படி தோட்டத்தின் முறை ஒருபோதும் வராது. ஆனால், அந்தப் பத்தாயிரம் பேருக்கும் ஏற்கெனவே சேவை உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது காணொளி சற்று வேகமாக ஓடும் வசதி. அந்த அறுநூறு பேருக்குக் கிடைப்பதோ நள்ளிரவில் அம்புலன்ஸ் வண்டியை அழைக்கும் வசதி. தலைகளை எண்ணுவது போதாது. அந்தத் தலைகளின் வாழ்க்கையில் ஏற்படும் மாற்றத்தை எண்ண வேண்டும்.

பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியதை நாம் மறந்துவிட முடியாது. அங்கு ஆபத்து உண்டு என்பது அதற்கு முன்னைய ஆண்டுகளிலேயே சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அது உரிய நேரத்தில் உரிய வாசலைச் சென்றடைந்து மக்களை அசையவைக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கி வைத்திருக்கிறது. அந்த வரைபடத்தையும் சமிக்ஞை இல்லாத இடங்களின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று மூடும் இடமே அடுத்த கோபுரத்துக்குரிய இடம். இதற்குப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. இரு நிறுவனங்கள் ஒரு மேசையில் அமர்ந்தாற் போதும்.

மலைநாட்டுக்கு மட்டுமல்ல, தீவுகளுக்கும் இது பொருந்தும். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்ல வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அங்குள்ள ஒருவருக்குத் தொலைபேசி என்பது பயணத்துக்கு மாற்றானது. நகரத்தில் உள்ளவருக்குச் சமிக்ஞை பலவீனமானால் அவர் தெருவில் இறங்கி நடந்துபோய்க் காரியத்தை முடித்துக்கொள்வார். தீவில் உள்ளவர் எங்கே இறங்கி நடப்பது? ஆகவே, மாற்றுவழி உண்டா இல்லையா என்பது முன்னுரிமைக் கணக்கில் சனத்தொகைக்கு நிகரான நிறை பெற வேண்டும்.

இதற்காகக் கண்ட இடமெல்லாம் புதிய கோபுரங்களை எழுப்ப வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மீடிறன் குறைந்த அலைகள் தொலைதூரம் செல்லும். சுவர்களையும் மரங்களையும் ஊடுருவும். மீடிறன் கூடிய அலைகள் அதிக தரவைச் சுமக்கும், ஆனால் விரைவில் களைத்துவிடும். 900 மெகாஹேட்ஸ் பட்டையில் ஒரு கோபுரம் மூடும் பரப்பை 3,500 மெகாஹேட்ஸ் பட்டையில் மூடுவதற்குப் பல கோபுரங்கள் தேவை. எனவே, கிராமப்புறத்தில் ஏற்கெனவே நிற்கும் கோபுரத்தில் குறைந்த மீடிறனில் நான்காம் தலைமுறைக் கருவியைப் பொருத்தினால், புதிதாக ஒன்றும் கட்டாமலேயே இருண்ட பகுதிகளில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு வந்துவிடும். அது செலவு குறைந்த வழி. அதன் பின்னும் இருட்டாகவே எஞ்சும் இடங்களுக்கு மட்டும் புதிய கோபுரம். ஆனால், பொத்தான் தொலைபேசி வைத்திருக்கும் முதியவர்களின் பழைய சேவையை அவசரப்பட்டு நிறுத்திவிடலாகாது.

மூன்றாவது இடம் நெரிசல் மிகுந்த கோபுரங்களுக்கு. வைத்தியசாலை, பிரதேச செயலகம், பாடசாலை ஆகியவை தங்கியுள்ள கோபுரங்கள் இவற்றுள் முந்த வேண்டும். ஐந்தாம் தலைமுறை கடைசியில். கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுந்தம் காட்டப் புறப்பட்ட கதையாக நமது திட்டமிடல் ஆகிவிடக்கூடாது.

இதற்கு நிறுவனங்களின் தரப்பிலிருந்து வரும் பதிலை நான் அறியாதவன் அல்லன். அதில் நியாயமும் உண்டு. "வருமானம் வருவது நகரத்திலிருந்து. நகரத்தின் வலையமைப்பைப் புறக்கணித்தால் பாவனையாளர் போட்டி நிறுவனத்துக்கு மாறுவர். வருமானம் குறைந்தால் கிராமத்துக்கும் செலவழிக்க எதுவும் எஞ்சாது" என்பது அந்தப் பதில். ஒரு தனியார் நிறுவனம் தனது சொந்தப் பணத்தை எங்கே முதலிட வேண்டும் என்று நான் கட்டளையிட முடியாது. ஐந்தாம் தலைமுறையைத் தன் பணத்தில் தாராளமாகத் தொடங்கட்டும். ஆனால், பொதுநிதியத்தின் பணமும் அலைவரிசையும் பொதுச்சொத்துகள். அலைவரிசையை ஒதுக்கும்போது, இத்தனை ஆண்டுக்குள் இன்னின்ன பிரதேச செயலகப் பிரிவுகளில் இவ்வளவு பரப்புக்குச் சேவை வழங்க வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்கும் அதிகாரம் அரசிடம் உண்டு. ஏலத்தில் ஒரு சில கோடி ரூபா குறைவாகக் கிடைத்தாலும், அந்த நிபந்தனை நாட்டுக்கு இலாபமே.

சிலி நாட்டின் அனுபவம் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம். அங்கு 1990 களின் நடுப்பகுதியில், கிராமங்களுக்குப் பொதுத்தொலைபேசி வழங்குவதற்காக ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. எந்த நிறுவனம் மிகக் குறைந்த மானியத்தைக் கேட்கிறதோ அதற்கே பணி வழங்கப்பட்டது. விளைவு என்ன? பல இடங்களுக்கு மானியமே வேண்டாம் என்று நிறுவனங்கள் முன்வந்தன. 'இலாபமில்லை' என்று ஒதுக்கப்பட்ட இடங்களுள் எத்தனை உண்மையிலேயே இலாபமற்றவை என்பது போட்டி வைத்துப் பார்த்தபோதே தெரியவந்தது. நமது நாட்டிலும் கோபுரத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை குறித்துக் கொடுப்பதைவிட, இவ்வழி பணத்தை நீளச் செய்யும்.

கையிலிருக்கும் வளத்தை ஒழுங்காகப் பகிர்வதும் ஒரு சேமிப்பே. ஒரே குன்றில் இரண்டு மூன்று கோபுரங்கள் அருகருகே நிற்கும் காட்சியும், அடுத்த பள்ளத்தாக்கில் ஒன்றுமே இல்லாத காட்சியும் நமக்குப் புதியன அல்ல. 2024 இல் எயார்டெல் லங்கா நிறுவனம் டயலொக்குடன் இணைந்தது. இத்தகைய இணைப்புகளினால் ஒரே இடத்தில் இரட்டிப்பாகிப்போன கருவிகள், கோபுரம் இல்லாத இடங்களுக்குப் பெயர்க்கப்பட வேண்டும் என்று ஆணைக்குழு வலியுறுத்தலாம். மேலும், அனர்த்த வேளையில் எந்த நிறுவனத்தின் சிம் அட்டையும் உயிரோடு இருக்கும் எந்தக் கோபுரத்திலும் இயங்க வேண்டும் என்பது நிரந்தர ஏற்பாடாக வேண்டும். உக்ரைனில் 2022 மார்ச்சில், யுத்தம் தொடங்கிய சில நாள்களுக்குள், போட்டியாளர்களான மூன்று நிறுவனங்கள் இதனைச் செய்து காட்டின. குண்டுகள் விழும் நாட்டில் இயலுமானது, மழை பெய்யும் நாட்டில் ஏன் இயலாது?

"இனிக் கோபுரம் எதற்கு, செய்மதி வந்துவிட்டதே" என்பாரும் உளர். ஸ்டார்லிங்க் சேவை 2025 யூலையில் இங்கு தொடங்கியது உண்மை. கோபுரத்துக்குப் பின்னணித் தொடுப்பு அறுந்தால் மாற்றாகவும், தீவுப் பாடசாலைக்கும் மலையக வைத்தியசாலைக்கும் பொதுச்சேவையாகவும் அதனைப் பயன்படுத்தலாம், பயன்படுத்த வேண்டும். ஆனால், அதன் கருவிக்கும் மாதாந்தக் கட்டணத்துக்கும் கொடுக்க வேண்டிய தொகை ஒரு கொழுந்து பறிக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கு எட்டாதது. வசதி படைத்தவருக்கு ஒரு வழி திறந்துவிட்டது என்பதற்காக ஏனையோரின் வழியை மூடிவிட முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வலியுறுத்த விரும்புவது, பட்டியல் பகிரங்கமாக வேண்டும் என்பதையே. எந்த இடத்துக்கு எத்தனை புள்ளி, ஏன் அந்தப் புள்ளி, எப்போது வேலை முடியும் என்பதை மூன்று மொழிகளிலும் அச்சிட்டு ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் அறிவித்தற் பலகையிலும் ஒட்ட வேண்டும். அவ்வாறு செய்யாவிடின், பட்டியல் அரசியல்வாதிகளின் சட்டைப்பையில் எழுதப்படும். இது வளர்ந்த நாடுகளுக்கும் உள்ள நோய்தான். அவுஸ்திரேலியாவில் 2015 இல், சமிக்ஞை அற்ற இடங்களுக்கான அரச திட்டத்தின் முதற் சுற்றில் 499 தளங்கள் தெரிவாகின. மறு ஆண்டே அந்நாட்டின் கணக்காய்வு அலுவலகம், சேவை இல்லாத இடங்களை நோக்கிப் பணம் போதியளவு இலக்கு வைக்கப்படவில்லை என்றும், ஏற்கெனவே சேவை இருந்த இடங்களிலேயே சில கோபுரங்கள் அமைகின்றன என்றும் அறிக்கையிட்டது. அங்கும் பிழை நடந்தது. ஆனால், புள்ளியிடும் முறையும் தெரிவான இடங்களும் ஏட்டில் இருந்தபடியால் அந்தப் பிழையைச் சுட்டிக்காட்ட முடிந்தது.

நமக்கும் ஒரு கருவி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அது. ஊரிலுள்ள ஆசிரியரோ, கூட்டுறவுச் சங்கமோ, கடற்றொழிலாளர் சங்கமோ, தோட்டத் தொழிற்சங்கக் கிளையோ ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்திற் கேட்கலாம்: எங்கள் கிராம அலுவலர் பிரிவு உங்கள் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் உள்ளது? எந்த அளவுகோலின்படி? எங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் யார்? இந்தக் கேள்விகள் பகைமையான கேள்விகள் அல்ல. தமக்கு முன்னால் நிற்பவர் தம்மைவிடத் தேவை கூடியவர் என்று தெரிந்தால் காத்திருக்க நமது மக்கள் தயங்கமாட்டார்கள். வரிசையில் நின்று பழகியவர்கள் அவர்கள். மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் நின்றவர்கள். வரிசை எது, அதன் தலை எங்கே என்று தெரியாமல் நிற்கச் சொல்வதே அநீதி.

பணம் குறைவு என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த சில ஆண்டுகளுக்கும் அது குறைவாகவே இருக்கும். ஆனால், பணம் தாராளமாக இருக்கும்போது யாரும் முன்னுரிமை பற்றிச் சிந்திப்பதில்லை. குறைவாக இருக்கும்போதுதான் ஒரு அரசு யாரை முதலில் நினைக்கிறது என்பது வெளிப்படும். அடுத்த பருவமழை தொடங்குவதற்கு முன்னர் மலையகத்தின் தாய்க் கோபுரங்களுக்கு நல்ல மின்கலங்களாவது போய்ச்சேர்ந்திருக்குமா? அமைச்சரோ ஆணைக்குழுவோ இக்கேள்விக்கு இடங்களின் பெயரோடும் திகதியோடும் பதில் தந்தால், அதனை முதற்பக்கத்தில் பிரசுரிக்க எந்தப் பத்திரிகையும் பின்னிற்காது.